பாலத்துக்கு அடங்காத கூரை

தான் கட்டிய புதுப் படகுக்குள் நிமிர்ந்து நின்றே கால்சட்டை மாட்டிக்கொள்ளலாம் என்று ஹெட்லி தர்ட்டில் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார். நார்ஃபோக் ஆறுகளில் வாடகைப் படகில் விடுமுறை போகிறவர்கள் அதுவரை குனிந்தேதான் மாட்டினார்கள். ஹெட்லி கூரையை உயர்த்தினார், சரி. தர்ன் ஆற்றின் பழைய கல்பாலத்தை யார் உயர்த்துவது? அன்று பார்த்து ஆற்றிலும் தண்ணீர் ஏறிக் கிடந்தது. கூரை இரண்டு விரற்கடை இடிக்கும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வாடகைப் படகு முதலாளி லார்ட்டர் காத்திருந்தார். படகு நுழைந்து வந்தால் மூன்று படகுக்கு ஆர்டர். வராவிட்டால் ஹெட்லியின் பட்டறைக்குப் பூட்டு.

படகை அமிழ்த்தக் கனம் வேண்டும். கரையில் டீக்கடை வைத்திருந்த மனைவியின் அக்கா வின்னியிடம் போய் நின்றார் ஹெட்லி.

“அண்ணி, படகுல கொஞ்சம் ஏறி உக்காருங்களேன்.”

“நானா? போன மாசம் நான் கால வெச்சதுமே, ‘ஒரு பக்கமா சாயுது, எறங்குங்க’ன்னது யாரு?”

“அது சும்மா வெளையாட்டுக்கு...”

“இப்ப எதுக்குக் கூப்பிடுற? வாயத் தொறந்து சொல்லு.”

ஹெட்லி முணுமுணுத்தார். “கனத்துக்கு.”

“சத்தமா சொல்லு. மேபெலுக்குக் காது மந்தம்.”

“கனத்துக்கு அண்ணி! எல்லாருமே வாங்க!”

டீ குடித்துக்கொண்டிருந்த மாதர் சங்கம் தொப்பியும் கைப்பையுமாக எழுந்தது.

“நான் ஒண்ணும் அவ்ளோ கனம் கெடையாது,” என்றாள் மேபெல், கேக்கை மென்றபடி.

“அந்தத் தட்டையும் எடுத்துக்கிட்டு ஏறுடி.”

தொப்பிகளைக் கழற்றிவிட்டு, படகு ஒரு பக்கமாகச் சாயாதபடி படுக்கை, தரை, சமையல் மூலை என்று கிடைத்த இடத்தில் படுத்தார்கள். படகு பெருமூச்சு விட்டு அமிழ்ந்தது. கல்லை உரசாமல், ஆனால் உரசுவது போலவே பயமுறுத்தி, பாலத்துக்கு அந்தப் பக்கம் வெளியே வந்தது.

லார்ட்டர் எட்டிப் பார்த்தார். “அடேயப்பா, இத்தன பேருக்கும் எடமா! சரி, அம்மாமாரெல்லாம் எறங்குங்க. நானும் ஒருதரம் பாலத்துக்குள்ள போயிட்டு வரேன்.”

அவர்கள் இறங்கினால் படகு எழும்பிக் கூரை இடிக்கும். வின்னி அசையவில்லை.

“இப்பதான் அடுப்புல தண்ணி வெச்சிருக்கோம். டீ குடிக்காம எறங்கறதா? நீங்க இப்படி வாங்க ஐயா. மேபெல், தள்ளிப் படுடி.”

பாதிப் பாலத்தில், மேபெலுக்கும் தட்டுக்கும் நடுவே மல்லாந்து கிடந்த லார்ட்டர், கூரையையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்ப்பா ஹெட்லி, நெஜத்தச் சொல்லு. இவங்க விருந்தாளிங்களா, பாரமா?”

வெளியே பின்மேடையில் சுக்கானைப் பிடித்தபடி பாலத்துக் கல்லுக்குக் குனிந்திருந்த ஹெட்லி வின்னியைப் பார்த்தார். வின்னி கூரையைப் பார்த்தாள்.

“பாரந்தான் ஐயா.”

“அதான பாத்தேன். உள்ள அம்சமாத்தான் இருக்கு. கூரைய நாலு விரக்கடை எறக்கி மூணு செஞ்சு குடு. வாடகைக்கு வர்றவங்களோட நான் மாதர் சங்கத்தையும் அனுப்ப முடியுமா?”

“எறக்கறதா? ஐயா, இந்தப் படகுக்கு அழகே அந்த ஒசரந்தானே!” வாதாடும் வேகத்தில் ஹெட்லி நிமிர்ந்தார்.

ணங்.

“எறக்கிடலாங்க,” என்றார்.