பத்தாவது தலைக்கட்டு

சின்னக்காவுக்கு வலது தோள்பட்டை கழன்று தனியாகத் தொங்குவதுபோல இருந்தது. காரிமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தளம் போட்டார்கள். காலையில் மிக்சர் ஓட ஆரம்பித்தால் தளம் முடிகிறவரை நிறுத்தமாட்டார்கள். சட்டி கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும். முந்நூறு சட்டியோ நானூறோ, எண்ணுவதை அவள் மத்தியானத்தோடு விட்டுவிட்டாள். சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை மேலே போகவில்லை. இடது கையால் தொங்கியபடியே ஊர் வந்து சேர்ந்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் ஜெயபிரியா செல்போனை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ம்மா, கோயில் குரூப்புல என்னா போட்டிருக்காங்க பாரு."

"எனக்குக் கண்ணே தெரியல. நீயே படி."

மகள் படித்தாள். மாரியம்மன் கோயில் திருப்பணி முடியப்போகிறது. வாசலில் கருங்கல் பலகை வைத்து ஊரிலுள்ள வகையறாக்களின் பெயரையெல்லாம் வெட்டப்போகிறார்கள். பத்துத் தலைக்கட்டுக்குக் குறைந்த வகையறாவின் பெயர் கல்லில் வராது. அது ஒரு பெரிய வகையறாவோடு சேர்ந்துகொள்ள வேண்டும். அதன்படி ஒன்பது தலைக்கட்டு உள்ள தூர்வாரி வகையறா இனிமேல் பெரியவூட்டார் வகையறாவில் சேர்க்கப்படும். ஞாயிறு காலை கூட்டம்.

சின்னக்கா சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

"சேக்கறதுக்கு நாம என்ன மாட்டுத் தவிடா?" என்றாள்.

தலைக்கட்டு என்றால் ஊரில் ஒரு கணக்கு உண்டு. கல்யாணமாகித் தனி உலை வைக்கிற ஆண் ஒருத்தன் ஒரு தலைக்கட்டு. அவன் செத்து, கல்யாணமான மகனும் இல்லையென்றால் அந்த வீடு அவனுடைய அண்ணன் தம்பி தலைக்கட்டோடு ஒட்டிக்கொள்ளும். சின்னக்காவின் புருசன் தீர்த்தன் கிணறு வெட்டப் போன இடத்தில் கயிறு அறுந்து விழுந்து செத்து ஆறு வருசமாகிறது. இருப்பது ஒரே மகள். அன்றிலிருந்து அவள் வீடு கொழுந்தன் அர்ச்சுனன் பெயருக்குள் போய்விட்டது. அவள் அடுப்பில் உலை கொதிக்கிறது. கணக்கில் கொதிக்கவில்லை.

தூர்வாரி என்ற பெயருக்கு ஊரில் இரண்டு கதை இருந்தது. பெரியவூட்டார் சொல்கிற கதைப்படி, கோயில் கிணற்றில் தூர் வாரக் கூலிக்கு வந்தவர்கள் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள். தூர்வாரிகள் சொல்கிற கதைப்படி, ஏழு வருசம் மழையில்லாமல் போனபோது அண்ணன் தம்பி மூன்று பேர் இறங்கி ஒன்பது நாள் சேறு அள்ளினார்கள். கடைசி நாளில் ஊற்று உடைந்து தம்பிக்காரன் உள்ளேயே போய்விட்டான். மேலே வந்த இரண்டு பேருக்கு ஊர் நிலம் கொடுத்து, கோயில் திருவிழாவில் மூன்றாம் நாள் பூசையையும் கொடுத்தது. எது நிசம் என்று சொல்ல ஒருத்தரும் உயிரோடு இல்லை. கிணறு இருக்கிறது. ஒருத்தன் அள்ளாமல் சேறு தானாக மேலே ஏறி வந்திருக்காது. சின்னக்காவுக்கு அந்த அளவு போதும்.

அந்த மூன்றாம் நாள் பூசைதான் விசயமே. வகையறா போனால் பூசையும் போகும். பெரியவூட்டாருக்கு ஏற்கெனவே இரண்டு நாள் இருக்கிறது. இது மூன்றாவது.

ஜெயபிரியா தர்மபுரிக் காலேஜில் புள்ளியியல் படிக்கிறவள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு இதே வேலை. கம்பைநல்லூரில் இருக்கிற சித்தப்பா வீடு, கடத்தூரில் உரக்கடையில் மூட்டை தூக்குகிற பெரியப்பா வீடு, ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போன இரண்டு குடும்பம், உள்ளூரில் ஐந்து என்று எல்லாருக்கும் போன் போட்டு நோட்டில் எழுதினாள். கோயில் கணக்கு எழுதுகிற அன்புவிடம் கெஞ்சிப் பழைய நோட்டுகளையும் பார்த்துவிட்டு வந்தாள்.

"அறுபத்தெட்டுல இருபத்து மூணு தலைக்கட்டும்மா. தொண்ணூத்தொண்ணுல பதினேழு. இப்ப ஒன்பது. ஆளா எண்ணினா நாப்பத்து மூணு பேரு. அதுல பொம்பளைங்க இருபத்தஞ்சு."

"எங்க போனாங்க மிச்சப் பேரு?"

"மூணு குடும்பம் கர்நாடகாவுல. அங்க கேட்டா வேற பேரு சொல்லிக்கறாங்க. பெங்களூர்ல ஒருத்தரு, 'நான் பெரியவூட்டாரு'ன்னு சொல்லிப் போனை வெச்சுட்டாரு. பாதி வூட்டுல பொண்ணாவே பொறந்திருக்குது. பொண்ணு கட்டிக்கிட்டுப் போனா கணக்குலேருந்து போயிடுது."

"வோட்டர் லிஸ்ட்டுல?"

"அதுல எல்லாருக்கும் அப்பன் பேரும் புருசன் பேரும்தாம்மா. ரேசன் கார்டு, ஆதாரு எதுலயும் தூர்வாரின்னு ஒருத்தரும் இல்ல. அரசாங்கக் கணக்குல நாம பூச்சியம். அன்பு அண்ணன் நோட்டுல மட்டும்தான் இருக்கறோம்."

அந்த நோட்டு நாற்பது பக்கம். அதிலும் ஒரு கோடு போட்டுவிட்டால் தூர்வாரி என்று ஒருத்தன் இருந்ததற்கு எந்தக் காகிதமும் இருக்காது.

சனிக்கிழமை அர்ச்சுனன் வீட்டுக்குப் போனாள். அவன் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"உடுங்க அண்ணி," என்றான் நிமிராமலே. "அந்தப் பேரால இதுவரைக்கும் என்னா லாபம்? பள்ளிக்கூடத்துல எம்பேரு சேறு. அர்ச்சுனன்னு ஒரு பையனும் கூப்பிட்டதில்ல. வாத்தியாரே 'டேய் சேறு, போர்டைத் தொடை'ன்னாரு. போயித் தொலையட்டும்."

"உங்க அண்ணனையும் அப்படித்தான் கூப்பிட்டாங்க. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'ஆமாடா, சேறுதான். உங்க வூட்டுக் கெணத்துல அடைச்சா யாரைக் கூப்பிடுவீங்க'ன்னாரு."

"அவரு சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் இங்க இருந்து பொழைக்கணும். பெரியவூட்டுக் காளியப்பன் மச்சான் தோட்டத்துலதான் எம்மாடு மேயுது."

"மாடு எங்க வேணா மேயட்டும். நீங்க நாளைக்குக் கூட்டத்துக்கு மட்டும் வாங்க. வாயைத் தொறக்க வேணாம். ஒக்காந்தாப் போதும்."

ஞாயிறு காலை கோயில் வளாகத்தில் புது சிமெண்டு வாசம் இன்னும் போகவில்லை. பந்தலுக்கடியில் ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஓரமாகத் தரையில். நடுவில் விழாக் குழுத் தலைவர் காளியப்பன். பெரியவூட்டார் வகையறா, அறுபத்து நாலு தலைக்கட்டுக்குப் பெரிய ஆள். சின்னக்காவுக்குப் பெரியப்பா மகன். ஆம், அவள் பிறந்தது பெரியவூட்டில். கட்டிக்கொண்டு வந்ததுதான் தூர்வாரிக்கு.

காளியப்பன் கனைத்துக்கொண்டார்.

"யாரையும் நாங்க ஒழிக்கலீங்க. சேத்துக்கறோம். ஒன்பது பேரு தனியா நிக்கறதுக்கு அறுபத்து நாலு பேரோட நின்னா பலம்தானே? கல்லுலயும் எடம் பத்தணும். அன்பு, எழுதிக்க."

"அண்ணா, ஒரு சந்தேகம்." சின்னக்கா எழுந்து நின்றாள்.

"பொம்பளைங்க சந்தேகத்தையெல்லாம் கூட்டம் முடிஞ்சு பேசலாம், ஒக்காரும்மா."

"முடிஞ்சப்புறம் பேசினா உங்க குடும்பம்தான் கெட்டுப்போவுங்ணா. அதான் இப்பவே கேக்கறேன். ஒரே வகையறான்னா பங்காளிங்க. பங்காளிக்குள்ள பொண்ணு குடுத்து எடுப்பமா?"

"அதெப்படி எடுப்பாங்க? அண்ணன் தங்கச்சி முறையாச்சே. கொழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அப்பச் சரி. நான் பொறந்தது பெரியவூடு. வாழ்க்கைப்பட்டது தூர்வாரி. ரெண்டும் இன்னையிலேருந்து ஒண்ணுன்னா நான் குடும்பம் நடத்தினது அண்ணன் முறையோட. போவட்டும், அந்த மனுசன் செத்துட்டாரு, அவரைக் கேக்க முடியாது. உசுரோட இருக்கறவங்களைக் கேப்பம். அதோ ஒக்காந்திருக்கறது எங்க நாத்தனா பெரியம்மாளு. தூர்வாரி வூட்டுல பொறந்தவங்க. உங்க சம்சாரம். நாளையிலேருந்து உங்களுக்குத் தங்கச்சி முறை. பாயை யாரு வெளிய எடுத்துட்டுப் போறதுன்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா ஊரும் தெரிஞ்சுக்கும்."

பந்தலில் முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து பெரியம்மாளின் குரல் வந்தது.

"நான் எங்கயும் நகரமாட்டேன். அது நான் கொண்டாந்த கட்டிலு. அவரு போவட்டும்."

அதற்கப்புறம் சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. அன்பு நோட்டைப் புரட்டி விரலால் கோடு இழுத்துக்கொண்டே வந்தான். "மாமா, இது மாதிரி ரெண்டு வகையறாவுக்கும் பதினோரு சோடி இருக்குதுங்க. எங்க ஆத்தாளும் இதுல வர்றாங்க."

"நோட்டை மூடுடா."

குழுவில் நாலு வகையறா ஆட்களும் உட்கார்ந்து பேசித்தான் இந்தத் தீர்மானம் போட்டிருந்தார்கள். சாமி கும்பிடுகிற கணக்கைப் பார்த்தார்கள், கல்லின் அகலத்தைப் பார்த்தார்கள், யார் யார் வீட்டுப் பெண் யார் வீட்டில் இருக்கிறாள் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. காளியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். தோற்ற மாதிரி எழுந்து போகிற ஆள் அல்ல அவர்.

"சரி. சேக்கல. எதோடயும் சேக்கல, போதுமா? ஆனா பத்துக்குக் கொறைஞ்சா கல்லுல பேரு இல்லங்கறது தீர்மானம். நீங்க ஒன்பது. பேரும் இல்ல, பூசையும் இல்ல."

"பத்து இருக்குதுங்ணா."

"யாரு பத்து?"

"நான்தான்."

இந்தத் தடவை சிரித்தது ஆண்கள் பக்கம். "ஆம்பள இல்லாத வூடு தலைக்கட்டு ஆவாதும்மா," என்றார் ஒருத்தர். "பொழைப்பு வேற, முறை வேற," என்றார் இன்னொருத்தர். "அப்ப மீசையும் ஒட்டிக்கிட்டு வரச் சொல்லு," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மீசை வெச்சிருக்கற ஆளுங்க கொஞ்சப் பேரு வூட்டுல அடுப்பை யாரு எரிய வெக்கறாங்கன்னு நான் இங்க சொல்லட்டுமா?" என்றாள் சின்னக்கா. பின்குரல் அடங்கியது. "தனி உலை வெச்சாத் தலைக்கட்டுன்னு நீங்கதான் சொன்னீங்க. ஆறு வருசமா எவன் வூட்டு உலையில நான் தின்னேன்? கொழுந்தனாரு இங்கதான் இருக்காரு, கேளுங்க. ஊர்ல ஒரு சாவுன்னா எழவுக்குப் போயி நிக்கறது நான். கல்யாணம்னா தேங்காத் தட்டு தூக்கறது நான். தளத்துல சட்டி தூக்கறதும் நான்தான். வேலைக்கெல்லாம் ஆளா இருக்கறேன், எண்ணும்போது மட்டும் இல்லாமப் போவனா?"

காளியப்பன் அவளை விட்டுவிட்டு அர்ச்சுனன் பக்கம் திரும்பினார். "வகையறா ஆம்பளைங்க சொல்லணும். என்ன மச்சான், உன் கணக்குலேருந்து அண்ணியைப் பிரிச்சு எழுதலாமா? உனக்குச் சம்மதமா?"

அர்ச்சுனன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று தூர்வாரி ஆட்கள்; எல்லாரும் அவன் வாயைப் பார்த்தார்கள். சின்னக்கா அவனைப் பார்க்கவில்லை. வாயைத் திறக்க வேண்டாம் என்று சொன்னது அவள்தான்.

"எங்கண்ணி எங்கிட்ட ஒரு வேளைச் சோறு வாங்கித் தின்னதில்லீங்க," என்றான் அவன் எழுந்து. "எங்கணக்குல எழுதினதே தப்பு. அதைக் கேக்காம விட்டதும் எந்தப்புதான். பிரிச்சு எழுதுங்க. நாளைக்கு எம்மாட்டை வேற எடத்துல கட்டிக்கறேன்."

அன்பு காளியப்பன் காதருகே குனிந்தான். மெதுவாகத்தான் சொன்னான், முன்வரிசைக்குக் கேட்டது.

"மாமா, ஒருத்தருக்கு எழுதினா எல்லாருக்கும் எழுதணும். உங்க வகையறாவுல இது மாதிரி தனியா இருக்கறவங்க பன்னெண்டு பேரு. அறுபத்து நாலு எழுபத்தாறு ஆவுது."

காளியப்பன் முகம் மாறியது. எழுபத்தாறை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நியாயம் அவரை அசைக்கவில்லை, எண்ணிக்கை அசைத்தது. சின்னக்காவுக்கு அது புரியாமல் இல்லை. எதனால் அசைந்தால் என்ன, அசைந்தால் சரி.

ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. ஒரு பெண் பிள்ளை, அதுவும் தன் சித்தப்பா மகள், கட்டில் பாயைச் சபையில் இழுத்துவிட்டாள்.

"ஆவட்டும். எழுதிக்கலாம்," என்றார். "ஆனா தலைக்கட்டுன்னா கல்லுல பேரு மட்டும் இல்ல, தாயி. வருசத்துக்கு ஒரு நாள் ஏரி வாய்க்கால் வெட்ட வூட்டுக்கு ஒரு ஆளு வரணும். தீர்த்தன் செத்து ஆறு வருசம். உன் வூட்டுலேருந்து ஒரு மம்முட்டியும் வரல. ஆறு வருசமாத் தனி உலைன்னு உன் வாயாலதான் சொன்ன. அப்ப ஆறு நாளும் பாக்கி. எங்க வகையறாப் பொம்பளைங்களுக்கு இன்னையிலேருந்துதான் கணக்கு. உனக்கு அன்னையிலேருந்து."

"இதென்ன ஞாயம்?" என்று பெரியம்மாள் எழுந்தாள். ஜெயபிரியாவும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சின்னக்கா இருவரையும் கையமர்த்தினாள்.

குறைத்துக் கேட்பாள் என்று காளியப்பன் எதிர்பார்த்திருக்க வேண்டும். இந்த வருசத்துக்கு மட்டும் என்பாள், மூன்று நாளாக்குங்கள் என்பாள். அப்படி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், ஆறு வருசமும் அவள் தலைக்கட்டாக இருந்தாள் என்பது அங்கேயே உடைந்துபோகும்.

"எழுதுங்கண்ணா," என்றாள் அவள். "ஒரு நாளும் கொறைக்காதீங்க."

காளியப்பன் எழுதச் சொல்லி அன்புவுக்குக் கை காட்டினார். அன்பு தூர்வாரி என்று தலைப்பிட்ட பக்கத்தை எடுத்தான். ஒன்பதாவது வரிக்குக் கீழே காலியாகக் கிடந்தது.

"புருசன் பேரு போட்டு, சம்சாரம்னு எழுதட்டுங்களா?"

"எம்பேரை எழுது."

அவன் எழுதினான். சபைக்குக் கேட்கப் படிக்க வேண்டும் என்பது முறை. எழுந்து நின்று படித்தான்.

"பத்து. சின்னக்கா, தூர்வாரி வகையறா. ஏரி வாய்க்கால் வேலை, ஆறு நாள் பாக்கி."