அமுத நிலையத்தின் படலை

"உங்கட தங்கச்சி நல்ல சுகமாயிருக்கிறா" என்று பிரகலாதன் மாஸ்டர் படலைக் கதவுக்கு உள்ளே நின்று சொன்னபோது, ஜெயரூபிக்கு அந்தக் குரலின் மென்மைதான் முதலில் எரிச்சலூட்டியது. பள்ளிக்கூடத்தில் தங்கை நிரோஜினிக்குக் கணிதம் படிப்பித்த அதே குரல். இப்போது அவர் வெள்ளை உடுப்பும் வெறுங்காலுமாக, இறக்கக்கண்டிக் கடற்கரையை ஒட்டிய அமுத நிலையம் என்ற ஆச்சிரமத்துக்குக் காவல் நின்றார்.

நிரோஜினி இங்கே வந்து நாலு மாதம். வந்த கிழமையே போனை வாங்கி வைத்துவிட்டார்கள். சிறுவயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு. மருந்துக் குளிசை போடாமல் இருக்க ஏலாது. அந்தக் குளிசைகள்தான் உடம்புக்குள் இருக்கும் இருட்டு என்று சொல்லி, நிலையத்தை நடத்தும் ஐயா அவற்றைக் கடலில் எறிய வைத்தாராம். அங்கிருந்து விலகி வந்த ஒருத்தி சொன்னாள். பொலிஸில் போய் முறையிட்டால், "வயசு வந்த பிள்ளை, தன்ர விருப்பத்தில போயிருக்கு" என்று திருப்பி அனுப்பினார்கள். ஜெயரூபியின் புருசன் சுகிர்தனும் அதையேதான் வேறு மாதிரிச் சொன்னான். "நீரும் சல்லி அம்மன் கோயிலுக்கு வெறுங்காலோட வெயிலில பாற்செம்பு எடுத்தனீர்தானே? வெளியில இருந்து பாக்கிறவனுக்கு அதுவும் பைத்தியம்தான்." அவளுக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாளாக அவனோடு கதையில்லை.

"அவளைக் கூப்பிடுங்கோ மாஸ்டர். என்ர கண்ணால பாத்திட்டுப் போறன்."

"அவ மௌன விரதத்தில இருக்கிறா. நீங்கள் கந்தசஷ்டி பிடிக்கிறதில்லையோ? எங்களை மட்டும் ஏன் ஏதோ கள்ளக்கூட்டம் மாதிரிப் பாக்கிறியள்?"

"சஷ்டி முடிஞ்சா நான் வீட்டை போவன். இடையில மயங்கி விழுந்தா கோயில் ஐயரே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிப்பார்."

சொல்லிவிட்டு அவள் இரும்புப் படலையை இரண்டு கைகளாலும் உலுப்பினாள். "நிரோ! நிரோ!" எதிரே கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த மீன்பிடிகாரர் எழுந்து வந்தார்கள். கூட்டம் சேர்வதைக் கண்டு மாஸ்டர் உள்ளே கைகாட்டினார்.

நிரோஜினி வந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. நெற்றியில், தலைமயிர் தொடங்கும் இடத்தில், தைக்காமலே காய்ந்துபோன பெரிய பிளவு.

"விழுந்தனியா?"

நிரோஜினி திரும்பி மாஸ்டரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். "இருட்டு வெளியேறினது, அக்கா" என்றாள்.

"வீட்டை வாறியா?"

மறுபடி அவரைப் பார்த்தாள். "நான் என்ர விருப்பத்திலதான் இருக்கிறன்."

ஜெயரூபி கம்பியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள். "உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. தண்ணி குடிச்சனியா?"

அதற்கும் நிரோஜினி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அங்க என்னடி பாக்கிறாய்?" ஜெயரூபி கத்தினாள். "தண்ணி குடிச்சதைச் சொல்லவும் இந்த மனுசன்ர உத்தரவு வேணுமோ? இதுதானோ மாஸ்டர் விருப்பம்? அம்மன்கூட எங்களிட்ட இப்பிடி உத்தரவு கேக்கச் சொன்னதில்லை!"

"உள்ள போ நீ!" என்றார் மாஸ்டர். அந்த மென்மை எங்கேயோ போயிருந்தது.

நிரோஜினி திரும்பினாள். ஜெயரூபி கம்பிகளுக்கிடையில் கையை விட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மாஸ்டர் நிரோஜினியின் தோளைப் பிடித்து இழுத்தார்.

"பொம்புளப் புள்ளயில கை வெக்காதீங்க மாஸ்டர்!" வலைக்காரர்களில் ஒருவரான முனீப் படலையில் ஓங்கி அடித்தார்.

மாஸ்டரின் கை விலகியது. ஜெயரூபி விடவில்லை. அந்த மணிக்கட்டு அவள் பிடிக்குள் இழுபடவுமில்லை, இறுகவுமில்லை. துருக்கம்பி கீறி ஜெயரூபியின் முழங்கையிலிருந்து இரத்தம் வழிந்து, அவள் விரல்களுக்கும் அந்த மணிக்கட்டுக்கும் நடுவே இறங்கியது. நிரோஜினி இந்த முறை மாஸ்டரைத் திரும்பிப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.