ஆவியார் அடித்த டிக்

ஹோட்டல் லாண்டரியின் பாய்லரை இருபத்திரண்டு வருஷமாகக் கட்டி மேய்ப்பவருக்கு அங்கே வேலை செய்பவர்கள் வைத்த பேர் ஆவியார். பாய்லர் மீட்டரின் முள் ஒரு கோடு ஏறினால் போதும், மனிதருக்குச் சோறு இறங்காது. சொந்த உடம்பின் முள் என்றால் மட்டும் மகா அலட்சியம்.

போன வருஷப் பரிசோதனையில் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தினமும் காலையில் ஒன்று, ஆயுசுக்கும். மூன்றாவது மாதம் அளந்து பார்த்து "நார்மல்" என்றார்கள். ஆவியார் காதில் அது "வியாதி ஓடிப்போச்சு" என்று விழுந்தது. அன்றோடு மாத்திரைக்கு முழுக்கு. மனைவி சந்தேகப்பட்டு, அலமாரிக் கதவில் மாதக் கட்டம் போட்ட தாளை ஒட்டி, மாத்திரை போட்டதும் டிக் அடிக்கச் சொன்னாள். அவரும் அடித்தார். மாத்திரை வாஷ்பேசினுக்குப் போனது. வாஷ்பேசினுக்குக் கடைசிவரை ரத்தக் கொதிப்பே வரவில்லை.

வருஷாந்திர உடற்தகுதிப் பரிசோதனை வந்தது. டாக்டர் கையெழுத்து விழாவிட்டால் பாய்லர் அறைக்குள் கால் வைக்க முடியாது. வேறு வேலை அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. மனைவியும் கூடப் போனாள். டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நூற்றியெழுபத்தெட்டு.

ஆவியார் எட்டி மீட்டர் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டு தட்டினார்.

"முள்ளு சிக்கியிருக்கும், டாக்டரம்மா. எங்க பாய்லர்லயும் இப்படித்தான்."

"முள்ளு நல்லாத்தான் இருக்கு. மாத்திரை போடுறீங்களா?"

"ஒரு நாள் தவறினதில்ல. என் வீட்டம்மாவே சாட்சி."

சாட்சி கைப்பையிலிருந்து காலையில் கிழித்த தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். அன்றைக்குத் தேதி பன்னிரண்டு. டிக் முப்பதுவரை இருந்தது.

"இவரோட ஜோடி ஆபரேட்டர் பத்து மணி ரீடிங்க எட்டு மணிக்கே எழுதி வச்சாராம். இவர்தான் போட்டுக்குடுத்து அவரை வேலையை விட்டே தூக்க வச்சாரு," என்றாள் மனைவி. "பாய்லர் வெடிச்சா யாரு பொறுப்புன்னு வீட்டுல ஒரு வாரம் கத்தினாரு."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு மாதம் பாய்லர் பக்கமே போகக் கூடாது என்று எழுதினார். "நார்மல்னா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். நிறுத்திடுங்கன்னு இல்ல."

அந்த மாதம் முழுக்க ஆவியார் படுக்கை விரிப்பு மடித்தார். சுவருக்கு அப்பால் பாய்லர் வேறொருவன் கையில் சீறியது. கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. ஆனாலும் தினம் ஒரு மாத்திரை உள்ளே போனது. மாதக் கடைசியில் நூற்றியிருபத்தாறு. கையெழுத்து விழுந்தது.

மறுநாள் காலை, சீருடை மாட்டியவர் மாத்திரையை உள்ளங்கையில் உருட்டினார். "இப்ப நார்மல்தானே?"

மனைவி தண்ணீரை நீட்டினாள். "ஆவிங்கறது பேரோட நிக்கட்டுங்க. எனக்கு நீங்க உடம்போட வேணும்."

அவள் கண் அவர் உள்ளங்கை மாத்திரையை விட்டு நகரவில்லை. ஒரு வருஷமாக இவள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. மாத்திரையை விழுங்கினார். புதுத் தாளில் டிக்குக்கு இடமில்லை, மணிதான் எழுத வேண்டும். சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, ஆறு நாற்பது என்று எழுதினார்.