லைன் கிளியர்

என் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன் அனல்மின் நிலையத்தில் பராமரிப்புப் பிரிவு, பெர்மனென்ட். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் உலகத்தில் எல்லாமே தெரிந்துவிடும் என்பது அவர் நினைப்பு.

குவார்ட்டர்ஸ் முன்னறையில் நான் எம்பிராய்டரி போடுகிறேன். என் மிஷின் பழைய காலத்தது. அகலமான கேபிள் சொருகும் இந்தப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து மட்டும்தான் டிசைனை வாங்கிக்கொள்ளும், புதுசு எதையும் ஏறிட்டும் பார்க்காது. சனிக்கிழமை பக்கத்து வீட்டு ஜான் பீவி மகள் ஃபர்ஹீனுக்கு நிக்காஹ். வியாழக்கிழமை, கல்யாணத் துப்பட்டாவில் பாதிப் பூ விழுந்திருந்தபோது, கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்திவிட்டுப் படுத்துக்கொண்டது.

"கடைக்காரன் எதுக்கு? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கன்ல?" என்றார்.

பிளான்ட்டில் எந்த இயந்திரத்தில் கைவைக்கும் முன்னும் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு சிவப்பு அட்டை தொங்கவிடுவார்கள். அதற்குப் பெயர் லைன் கிளியர். உயிர் காக்கிற வழக்கம்தான், குறை சொல்லவில்லை. மிக்சிக்கும் சிவப்பு அட்டை தொங்கவிடுகிற மனிதரை என்னவென்று சொல்வது? கம்ப்யூட்டரிலும் தொங்கியது. சாம்பல் தூசியைத் தட்டினார். மெமரியைத் துடைத்து மாட்டினார். பட்டனை அழுத்தினார். ஃபேன் மட்டும் சுற்றியது. திரை இருட்டு, பீப்கூட இல்லை.

"போர்டு பூட்ச்சி. கன்டெம் பண்ணித் தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்."

"நிக்காஹ்வுக்குக் குடுக்கணுங்க."

"நாலு பூ கம்மியானா கல்யாணம் நின்னுடுமா?"

மறுநாள் காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிவிட்டார். நான் திறந்து கிடந்த கம்ப்யூட்டர் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன்.

அதே போர்டு எங்காவது பழசாகக் கிடைக்குமா என்று தேட, முதலில் அதன் பெயர் வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன். நட்டநடுவே வெள்ளை எழுத்தில் அச்சடித்திருந்தது. நேற்றெல்லாம் குடைந்த மகாராசா அதை ஒரு தடவையாவது படித்திருக்கலாம். போனில் அந்தப் பெயரைப் போட்டேன், படம் வந்தது. படத்தில் ஓர் ஓரத்தில் மூன்று ஊசிகள், அவற்றில் இரண்டின் மேல் நகக்கண் அளவு கறுப்பு மூடி. நம்முடையதில் மூன்றும் மொட்டையாக நின்றன.

நேராகப் போய் ஆணியில் மாட்டியிருந்த அவருடைய நேற்றைய சட்டையில் கைவிட்டேன். கறுப்பு மூடி இருந்தது! ஃபியூஸ் என்று நினைத்து வழக்கம்போலப் பிடுங்கிப் பையில் போட்டவர், திருப்பி மாட்ட மறந்திருக்கிறார். படத்தில் உள்ளபடி மாட்டினேன். திரை வெளிச்சமானது.

இரண்டரைக்கு அவர் பசியோடு வந்தபோது கடைசிப் பூ விழுந்துகொண்டிருந்தது. நேரே சமையலறைக்குப் போனார்.

"இன்னாடி இது, அடுப்புல சிவப்பு அட்டை? குமிழுங்க எங்க?"

"லைன் கிளியர் எடுத்திருக்கேங்க. குமிழெல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு."

முன்னறைக்கு வந்தார். ஓடுகிற மிஷினையும் திரையையும் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது.

"பசிக்குதுடி," என்றார்.

"ஒருவேளை சோறு கம்மியானா பிளான்ட்டு நின்னுடுமாங்க?" என்றேன்.