சத்தமாகக் கேட்ட ஜன்னல்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படிக்கிற காலத்தில் ஒருநாள் எங்கள் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குப் போனேன். சீட்டு எழுதும் அம்மா ஜன்னலுக்குள்ளிருந்து, "உடம்புக்கு என்ன?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். பின்னால் என் வகுப்பில் பாதிப்பேர். "தலைவலி" என்றேன். மாத்திரை கொடுத்தார்கள். இல்லாத தலைவலி குணமாகி, இருந்த நோயோடு விடுதிக்குத் திரும்பினேன். இந்தக் கதை அந்த வெட்கத்தில் பிறந்தது.

2

"மருந்து வாடை வீசும் அந்த நீண்ட தாழ்வாரத்தில்..."

[வேண்டாம். எல்லா ஆஸ்பத்திரிக் கதையிலும் இந்த வாடைதான்.]

புள்ளியியல் படிக்கும் மாணவி ஒருத்தி. மருத்துவ மையத்தைப் பற்றி ஆய்வறிக்கை எழுத வேண்டும். டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் படிவத்தை நீட்டுவாள். நான்கு நாளில் நூற்றுப்பத்துப் படிவம். பெரும்பாலும் 'மிகவும் திருப்தி'. பேராசிரியருக்கு வாயெல்லாம் பல்.

ஐந்தாம் நாள், ஜன்னல்வரை வந்துவிட்ட முதலாண்டுப் பெண் ஒருத்தி, முன்னால் நின்றவனிடம் "வயித்துப்போக்கா? எத்தனை தடவை?" என்று சீட்டு எழுதும் அக்கா உள்ளிருந்து உரக்கக் கேட்டதும் மெல்ல நழுவினாள். ஆய்வு மாணவி பின்னாலேயே ஓடினாள்.

"ஏம்மா, டாக்டரைப் பாக்கலையா?"

"மூணு நாளா வந்துட்டுத் திரும்பிப் போறேங்க்கா."

"என்ன பண்ணுது?"

அந்தப் பெண் காதோடு சொன்னாள்.

[என்னவென்று எழுதி, அடித்துவிட்டேன். வாசகரே, நீங்களும் அந்த வரிசையில்தானே நிற்கிறீர்கள்.]

 தள்ளிப்போடுகிற விஷயமே இல்லை. கையைப் பிடித்து உள்ளே கூப்பிட்டும், அந்தப் பெண் உதறிக்கொண்டு விடுதிக்கு ஓடிவிட்டாள். தன் நூற்றுப்பத்துப் படிவத்திலும் இவள் இல்லை என்பதும் அப்போதுதான் ஆய்வு மாணவிக்கு உறைத்தது.

3

[சீட்டு அக்காவை இந்த இடத்தில் ராட்சசியாக எழுதி வைத்திருந்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது.]

சாப்பாட்டு வேளையில் ஆய்வு மாணவி அக்காவிடம் சண்டைக்கே போனாள்.

"கொஞ்சம் மெதுவாக் கேட்டா என்னக்கா? கூச்சப்பட்டு ஓடுறாங்க!"

"என்ன? இந்தப் பக்கம் வந்து சொல்லு." அக்கா வலது காதைத் திருப்பினார். அவள் முகம் மாறியதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்த முயன்றார். "ரெண்டு வருஷமாச்சும்மா. வெளிய சொல்லிடாத. காது கேக்காதவளை ஜன்னல்ல உக்கார வைப்பாங்களா?"

"இங்க இருக்கிற டாக்டர்கிட்டயே காட்டலாமே?"

"இங்கயா? எல்லாருக்கும் தெரிஞ்சிடாதா?"

கேட்டபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அக்காவுக்கே விளங்கியது. சோற்றை மூடி வைத்துவிட்டு, பழைய காகிதங்களைத் துண்டு துண்டாகக் கிழிக்கத் தொடங்கினார்.

மறுநாள் ஜன்னலில் துண்டுக் காகிதமும் பென்சிலும் இருந்தன. 'எழுதிக் கொடுத்தால் போதும்.' ஆய்வு மாணவி விடுதிக்கே போய் அந்தப் பெண்ணைக் கையோடு அழைத்து வந்தாள். அவள் எழுதிக் கொடுத்ததைப் படித்த அக்கா எழுந்து வெளியே வந்து, தோளைத் தொட்டு, நேராக டாக்டர் அறைக்குக் கூட்டிப்போனார். அன்று மாலையே பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டாள், இதில் மட்டும் நான் விளையாட மாட்டேன்.

4

அறிக்கை பாக்கி. 'திரும்பிப் போனவர்கள்' என்று புதிதாக ஒரு பட்டியல் சேர்த்தாள். பக்கத்திலேயே 'காரணம்' என்றொரு கட்டம்.

உண்மையை எழுதினால் துண்டுக் காகிதம் நிரந்தரமாகும். அக்காவின் வேலை போகலாம். எழுதாவிட்டால்...

[இரண்டு முடிவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அக்காவை யாரும் கேட்கவில்லை. கிழித்துப் போட்டேன்.]

அறிக்கையை ஜன்னலுக்குள் நீட்டினாள். "இதுல என்னக்கா எழுதட்டும்?"

அக்கா கட்டத்தையே பார்த்தார். பேனாவை வாங்கிக்கொண்டார். "நீ போய் டீ குடிச்சிட்டு வா."

அவள் போனாள். நானும் கூடவே வந்துவிட்டேன். ஜன்னல் பக்கத்தில் இப்போது நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.