திரைக்குப் பின்னால் ஒரு மாதா

இம்மாகுலேற்றுக்கு இரண்டு பதவிகள். கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதியில் ஒரு செகண்டரி ஸ்கூலில் கணக்குப் படிப்பிக்கிறவள், அங்கே ஆசிரியர் சங்கத்தின் பிரதிநிதியும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசை முடிந்த கையோடு பங்கு மண்டபத்தில் பிள்ளைகளுக்கு நத்தார் ஒளி விழா நாடகம் பழக்குவாள். இரண்டு இடத்திலும் அவள் வைத்ததுதான் சட்டம் என்று சனம் பகிடியாகச் சொல்லும்.

அந்த மார்கழியில் இரண்டும் ஒன்றாக வந்து அவள் தலையில் விழுந்தன. சங்கம் அரசியல் நிதி ஒன்று தொடங்க அங்கத்தவர்களிடம் வாக்குக் கேட்டிருந்தது. அப்படி ஒரு நிதி இல்லாமல், தேர்தல் நேரத்தில் இனவாதக் கட்சிகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்யச் சட்டம் விடாது. வாக்குத்தாள் எல்லாருடைய வீட்டுக்கும் தபாலில் போயிருந்தது. அதை ஒரு மூலையில் போட்டுவிடாமல் திருப்பி அனுப்பவைப்பது இம்மாகுலேற்றின் பொறுப்பு.

நாடகத்தில் சிக்கல் வேறு. மாதாவுக்கு வசனம் அதிகம். லண்டனில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வாயில் நிற்காது. பதினொரு வயது ஸ்ரெல்லாவுக்கு மட்டும் அது தண்ணி பட்ட பாடு. தகப்பன் கொட்வின் மன்னார் ஆள், மகளோடு தமிழைத் தவிர வேறு பேச்சில்லை. தாய் அபேனா கானாக்காரி, இம்மாகுலேற்றின் ஸ்கூலிலேயே விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பிள்ளை தாயின் நிறம், தாயின் சுருள் முடி. ஸ்ரெல்லாவைத்தான் மாதாவாகப் போட்டாள் இம்மாகுலேற். ஒத்திகையும் நன்றாகவே நடந்தது.

பிறகு ஒருநாள் றொசாந்தி அவளை மண்டபத்துக் குசினிக்குள் கூப்பிட்டாள். றொசாந்தியின் மகள் டிலக்சனாவும் நாடகத்தில் இருந்தாள்.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. பிள்ளை கெட்டிக்காரிதான். ஆனா மாதா எண்டு மேடையில நிக்கேக்க... சனம் என்ன சொல்லும்? படமெல்லாம் ஊருக்குப் போறதெல்லோ.”

இம்மாகுலேற்றுக்குப் பதில் தெரியாமலில்லை. ஸ்டாஃப் ரூமில் வருசக்கணக்காகச் சொல்லித் தேய்ந்த பதில்தான். ஆனால் அந்தக் குசினியில், றோல்ஸும் கட்லட்டும் அடுக்கிய தட்டுகளுக்கு நடுவில், ஸ்கூலில் ஒருநாளும் வராத பயம் ஒன்று அவளுக்கு வந்தது. இது தன் சனம். அடுத்த ஞாயிறும் முகம் பார்க்கவேண்டிய சனம்.

“ஓம், அதுவும் சரிதான்,” என்றாள்.

அதோடு விட்டாளா? வழியையும் அவளே கண்டுபிடித்தாள். டிலக்சனா நீல முக்காட்டோடு மேடையில் நின்று வாயசைப்பாள். ஸ்ரெல்லா திரைக்குப் பின்னால் மைக்கைப் பிடித்துப் பேசுவாள். “உன்ர குரல்தானம்மா நாடகமே,” என்று பிள்ளைக்குச் சொன்னாள். பிள்ளை தலையாட்டியது. அபேனாவிடம், “மாதாவின் வசனம் முழுக்க உன் மகள்தான் பேசுகிறாள்,” என்றாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யில்லாமலே ஏமாற்றத் தனக்குத் தெரிந்திருக்கிறதே என்பதுதான் பிறகு அவளை அரித்தது.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் சங்கக் கூட்டம். அரசியல் எங்களுக்கு எதற்கு, படிப்பிக்கிற வேலையைப் பார்ப்போமே என்று ஒருவர் இழுத்தார். இம்மாகுலேற் வாயைத் திறக்குமுன் அபேனா எழும்பிவிட்டாள்.

“போன வருசம் என் மகள் வகுப்பில் குரங்கு என்று கூப்பிட்டார்கள் என்று அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். இந்த ஞாயிறு அதே பிள்ளை ஒரு மண்டபம் நிறைந்த தமிழருக்கு முன்னால் மாதாவாக நிற்கப்போகிறாள். அந்த இடத்தைக் கொடுத்தது இம்மா. அவள் கேட்கிற நிதிக்கு நான் ஆம் என்றுதான் போடுவேன்.”

எல்லாரும் கைதட்டினார்கள். இம்மாகுலேற்றுக்குக் காது அடைத்தது. இல்லை அபேனா, என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அத்தனை பேருக்கு முன்னால் அந்தச் சொல் வரவில்லை. பதிலுக்குச் சிரித்தாள். சிரித்த முகத்தில் தானே ஓங்கி அறையவேண்டும்போல இருந்தது.

சனிக்கிழமை கடைசி ஒத்திகை. மண்டபத்துக்குள் நுழைந்ததுமே சொல்லிவிட்டாள்.

“மாதா ஸ்ரெல்லாதான். டிலக்சனா சிறகு கட்டிச் சம்மனசா நிக்கட்டும்.”

றொசாந்தியின் முகம் கறுத்தது. “இவ்வளவு நாளும் பழகினதுக்குப் பிறகோ, அக்கா?”

“பிழை என்ரதான் றொசாந்தி. அண்டைக்கு நான் உமக்கு ஓம் எண்டு சொல்லியிருக்கக் கூடாது.”

நீல முக்காட்டை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். ஸ்ரெல்லா மைக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதிரையில் இருந்தாள். முக்காட்டை அவள் தொடவில்லை.

“வேண்டாம் ரீச்சர். நான் இங்கேயே இருக்கிறன்.”

“ஏனம்மா? இது உன்ர இடமெல்லோ.”

“அண்டைக்கு நான் குசினி வாசலிலதான் நிண்டனான். அன்ரி சொன்னதும் கேட்டது. நீங்கள் ஓம் எண்டதும் கேட்டது.” பிள்ளையின் தமிழ் எப்போதும்போலத் தெளிவாக இருந்தது. “இப்ப நான் மேடைக்குப் போனா எல்லாரும் அதைத்தான் பாப்பினம். இங்கயெண்டா ஒருத்தரும் பாக்க மாட்டினம்.”

இம்மாகுலேற் நீட்டிய முக்காட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“ரீச்சர், அம்மா நான்தான் மேடையில எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. ஹோலில இடமில்லை, நாளைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லிவிடுறியளோ? நீங்கள் சொன்னா அவ நம்புவா.”

சொல்லவே வெட்கம், ஆனால் இம்மாகுலேற்றுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அபேனா வராவிட்டால் அபேனாவுக்குத் தெரியவராது. அப்படி ஒரு நிம்மதி தனக்குள் எழும்பியதைக் கண்டதும் அவள் முக்காட்டோடு வாசலை நோக்கி நடந்தாள்.

வெளியே, மகளை ஏற்றிப்போக அபேனா காரோடு காத்திருந்தாள். இம்மாகுலேற்றைக் கண்டதும் கண்ணாடியை இறக்கினாள்.

“வாக்குத்தாளைத் தபாலில் போட்டுவிட்டேன், இம்மா. நாளைக்கு முன்வரிசையில் எனக்கு ஒரு இடம் பிடித்து வை. அவளை வீடியோ எடுக்கவேண்டும்.”

ஸ்ரெல்லா பின்னாலேயே வந்து மண்டப வாசற்படியில் நின்றாள். சொல்லாதேங்கோ என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

“வீடியோவில் அவள் வரமாட்டாள், அபேனா,” என்றாள் இம்மாகுலேற். “அவளைத் திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்தது நான்தான். அவள் நிறத்துக்காக.”

அபேனா என்ஜினை நிறுத்தினாள். இறங்கி, இம்மாகுலேற்றைக் கடந்துபோய், படியில் நின்ற மகளுக்கு முன்னால் குந்தி இருந்தாள். பிள்ளையின் நெற்றியில் விழுந்த முடியை இரண்டு கையாலும் ஒதுக்கிவிட்டாள். நீல முக்காடு இன்னும் இம்மாகுலேற்றின் கையில் இருந்தது. அதை வாங்க ஒருவரும் கை நீட்டவில்லை.