பேப்பர் கப்பில் நாற்று

துணி போர்த்திக் கிடத்தியிருந்த கணவர் யாகூபின் மையத்துக்குக் காலடியில் உட்கார்ந்திருந்த உம்மு சல்மா சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். ஜன்னலடிப் பலகை வெறுமையாகக் கிடந்தது.

"இங்கன இருந்த நாத்து டப்பா எங்க?"

ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கொழுந்தன் ஹாமித் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"கூட்டத்துல மிதிபடும்னு மொட்டமாடியில வச்சேன் மதினி. வெயில் படட்டுமேன்னு..."

"வீட்டுக்குள்ளயே மொளச்சது ஹாமித்து. வெயிலக் கண்டதே இல்ல. நாலு நாளு நெழல்ல வச்சுப் பளக்காம வெளிய வைக்கலாமா?"

மாடிப்படி தெருப்பக்கம் இருந்தது. அங்கே ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உம்மு சல்மா மகள் பெனாசிரைப் பார்த்தாள்.

"இப்பப் போயாம்மா?"

"இப்பத்தான். ஓடு."

யாகூப் காலண்டர் ஆர்டர் பிடிக்க ஊர் ஊராய் அலைந்த மனுஷன். சர்க்கரை காலைப் பிடித்து வீட்டில் உட்கார வைத்த பிறகுதான் இந்த விதைப் பைத்தியம் பிடித்தது. மொட்டைமாடியில் தக்காளித் தோட்டம் போடப் போவதாகச் சொன்னார். முதலில் ஸ்வீட் டப்பாவில் போட்ட விதை, அடியில் ஓட்டை இல்லாமல் தண்ணீர் தங்கி அழுகியது. அடுத்தது பீரோ மேல் இருட்டில் வெள்ளை நூலாக நீண்டு சாய்ந்தது. தெருவே சிரித்தது. அவர் அசரவில்லை. பிரியாணி டப்பாவுக்கு ஆணியைச் சுட வைத்து ஓட்டை போட்டு, ஜன்னலோரம் வைத்து, இந்தத் தடவை முளைக்க வைத்துவிட்டார். நெருக்கியடித்து நின்ற நாற்றைத் தனித்தனியாக மாற்ற வேண்டிய பருவம். எதில் மாற்றுவது என்பதில் நேற்று சாயங்காலம் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை.

"பேப்பர் கப்பு போதும். நடும்போது கிளிச்சு எடுத்துரலாம், வேரு அசையாது," என்றார் அவர்.

"ரெண்டு தண்ணிக்கு ஊறி ஒடஞ்சிரும். கொட்டாங்குச்சிதான் தாங்கும்," என்றாள் இவள்.

முடிவுக்கு வரவில்லை. விடியலில் தொழுதுவிட்டு வந்து படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

பெனாசிர் கொண்டுவந்த டப்பாவில் நாற்றெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. உம்மு சல்மா ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி டப்பாவை அதற்குள் இறக்கி, அடுப்படி நிழலில் வைத்தாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

மதியம் ளுஹர் தொழுகைக்கு முன் ஜனாஸாவைத் தூக்கினார்கள். வாசல்வரை வந்த அழுகைச் சத்தம் தெருவோடு போய்த் தேய்ந்தது. அவள் அடுப்படிக்குப் போனாள். பாதி நாற்று நிமிர்ந்திருந்தது.

வீட்டில் தேடினால் நாலே கொட்டாங்குச்சிதான் கிடைத்தது. கொல்லையில், துக்கத்துக்கு வந்தவர்கள் டீ குடித்துப் போட்ட பேப்பர் கப்புகள் சாக்கு நிறையக் கிடந்தன. அவள் சாக்கைக் குழாயடிக்கு இழுத்தாள். சீனி ஒட்டியிருந்தால் எறும்பு வரும் என்று ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தாள்.

நாத்தனார் சுமைரா வந்து நின்றாள்.

"புருஷன் போயி இத்தா இருக்க வேண்டியவ மண்ண அளைஞ்சுக்கிட்டு உக்காந்தா நாலு பேரு என்ன சொல்லுவாக?"

"வீட்ட விட்டு வெளிய போகக்கூடாதும்பாக மைனி. வீட்டுக்குள்ள இருக்குற உசுருக்குத் தண்ணி ஊத்தக்கூடாதுன்னு யாரும் சொல்லல."

சுமைரா முந்தானையைச் செருகிக்கொண்டு மண்ணையும் தேங்காய் நாரையும் பிசைந்து கொடுத்தாள்.

உம்மு சல்மா ஸ்பூன் காம்பால் நாற்றை வேரோடு கெல்லி, தண்டைத் தொடாமல் இலையைப் பிடித்துத் தூக்கி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்த கப்பில் இறக்கினாள்.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து மகன் பைசல் வந்தான். சட்டைக்கையில் செம்மண் அப்பியிருந்தது. அவளருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அம்மா, அத்தாவ..."

அவள் ஆணியையும் ஒரு கப்பையும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அடியில ரெண்டு மூணு ஓட்டை போடு. பெருசா வேணாம்லே, மண்ணு கொட்டிரும்."

அவன் போட்டான். இன்னொன்றை எடுத்தான்.

கடைசி நாற்று மட்டும் நிற்க மாட்டேன் என்றது. எத்தனை முறை மண் அணைத்தாலும் மடங்கியது. உம்மு சல்மா எழுந்து உள்ளே போனாள். மையத்தைக் கிடத்தியிருந்த இடத்தில் தலைமாட்டுப் பக்கம் இருந்த மணல் டம்ளரில் ஊதுபத்திகள் எரிந்து முடிந்திருந்தன. ஒரு குச்சியை உருவி, சாம்பலைத் துடைத்து, நாற்றின் பக்கத்தில் ஊன்றினாள். தண்டு மெல்லச் சாய்ந்து அதன்மேல் நின்றது.